நியூ ஜெர்சியில் இன்ஹேலருக்கு 50 டாலருக்கு மேல் கேட்டால்

போன குளிர்காலத்தில் எடிசனில் ஒரு ஃபார்மசி வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். பையனின் இன்ஹேலர் 214 டாலர் என்றதும் "அப்புறம் வர்றேன்" என்று கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். பையன் பக்கத்திலேயே இருமிக்கொண்டு நின்றான். வெளியே போய்ப் பிடித்துக் கேட்டேன். 50 டாலர் சட்டம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. "அது நமக்கு இல்லையாம்" என்றார். யார் சொன்னது? கவுண்டரில். உங்கள் பிளான் எந்த வகை என்று கவுண்டரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சட்டம் இவ்வளவுதான். 2023 ஜூலையில் கவர்னர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார், 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆஸ்துமா இன்ஹேலருக்கு 30 நாளைக்கு இன்சூரன்ஸ் போக நீங்கள் கட்டும் பங்கு 50 டாலரைத் தாண்டக் கூடாது, டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய தொகை) முடியவில்லை என்று முழு விலையையும் உங்கள் தலையில் கட்டக் கூடாது. மாநில அரசு ஊழியர், பள்ளி ஊழியர் இன்சூரன்ஸ் பிளான்களுக்கும் இது உண்டு.

இனி சிக்கல். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே கொடுக்கின்றன, இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கு பார்ப்பதோடு சரி. இதற்கு செல்ஃப் ஃபண்டட் என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனியே தன் பணத்தைக் கொடுத்தால் அது ஃபுல்லி இன்ஷூர்ட். கார்டில் பெரிய இன்சூரன்ஸ் பெயர் பளிச்சென்று இருக்கும், அதை நம்பாதீர்கள். எரிசா என்ற 1974-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தால் இந்த பிளான்களை மாநிலச் சட்டம் தொட முடியாது. கன்சல்டன்சியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: பாலிசி டெக்ஸாஸில் எடுத்ததாக இருந்தால், நீங்கள் எடிசனில் குடியிருப்பதால் நியூ ஜெர்சி சட்டம் வந்துவிடாது.

எனவே முதல் வேலை, ஹெச்.ஆருக்கு ஒரு ஈமெயில். "நம் பிளான் ஃபுல்லி இன்ஷூர்டா, செல்ஃப் ஃபண்டடா? பாலிசி எந்த மாநிலத்தில் எடுத்தது?" இரண்டே கேள்வி. கஸ்டமர் கேருக்கு போன் போடாதீர்கள், மூன்று முறை போட்டால் மூன்று பதில் வரும், எதையும் எழுத்தில் தரமாட்டார்கள். ஹெச்.ஆர் இழுத்தடித்தால் சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன் என்ற ஆவணத்தை எழுதிக் கேளுங்கள். அதைக் கொடுத்தே ஆக வேண்டும், பணம் யாருடையது என்று அதில் இருக்கும்.

சரி, உங்கள் பிளான் சட்டத்துக்குள் வருகிறது, ஆனாலும் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, டாக்டர் எழுதிய இன்ஹேலர் பிளானின் மருந்துப் பட்டியலில் இல்லை. ஃப்ளோவென்ட் என்ற தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரின் கதை பலருக்கு நினைவிருக்கும். 2024 தொடக்கத்தில் அந்த பிராண்டை நிறுத்தினார்கள், அதே மருந்து வேறு பெயரில் வந்தது, பல பிளான்கள் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை வீடுகள் அலைந்தன! இந்த மாதிரி நேரத்தில் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. பட்டியலில் எந்த இன்ஹேலர் இருக்கிறது என்று பிளானின் வெப்சைட்டில் பார்த்து, அந்தப் பெயரை டாக்டர் ஆபீஸுக்கு அனுப்புங்கள். அது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் "எக்ஸெப்ஷன்", அதாவது பட்டியலில் இல்லாததையும் கொடுக்கச் சொல்லும் விதிவிலக்கு, கேட்டு டாக்டர் எழுத வேண்டும். மார்க்கெட்ப்ளேஸில் (அரசின் இன்சூரன்ஸ் சந்தையில்) வாங்கிய பிளான் என்றால் அதற்கு 72 மணி நேரத்தில் பதில் வர வேண்டும், அவசரம் என்று டாக்டர் குறிப்பிட்டால் 24 மணி நேரத்தில்.

இரண்டாவது, நாள் கணக்கு. 50 டாலர் வரம்பு 30 நாளைக்கு என்பதால் ஒரு டப்பா எத்தனை நாளுக்கு என்று ஏறுவது முக்கியம். உடனடி இளைப்புக்கு அடிக்கும் ஆல்பியூட்டரால் இன்ஹேலரில் 200 பஃப் இருக்கும். சீட்டில் "4 மணி நேரத்துக்கு ஒருமுறை 2 பஃப்" என்று இருந்தால் நாளுக்கு 12 பஃப், அது 16 நாள் மருந்து என்று ஃபார்மசி கணினியில் ஏறும். வேறு விதமாக எழுதினால் அதே டப்பா 50 நாள் மருந்தாகிவிடும், அடுத்ததைக் கேட்டால் "இன்னும் நாள் இருக்கிறது" என்பார்கள். பள்ளிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று தேவையென்றால் அதை டாக்டரிடம் சொல்லி சீட்டிலேயே எழுத வையுங்கள்.

சட்டத்துக்குள் வராதவர்கள் கையை விரித்துவிட வேண்டாம். மருந்துக் கம்பெனிகளில் போஹ்ரிங்கர், அஸ்ட்ராஜெனெகா இரண்டும் 2024 ஜூனிலிருந்தும், ஜிஎஸ்கே 2025 ஜனவரியிலிருந்தும் தங்கள் இன்ஹேலர்களுக்கு மாதம் 35 டாலர் என்று வைத்திருக்கின்றன. ஃபார்மசியில் தானாகக் கழியவில்லை என்றால் கம்பெனி வெப்சைட்டில் கார்டை இறக்கிக் காட்ட வேண்டும். மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற அரசு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது. இன்னொன்று, கம்பெனி கொடுக்கும் பங்கைச் சில பிளான்கள் உங்கள் டிடக்டிபிளில் சேர்க்காது. முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அம்மாவின் பிளான் செல்ஃப் ஃபண்டட்தான். பையனுக்கு எழுதியிருந்தது இந்தக் கம்பெனிகளில் ஒன்றின் இன்ஹேலர் என்பதால் அடுத்த நாள் 35 டாலருக்கு வாங்கினார். அதுவரை ஊரிலிருந்து மாமியார் கொண்டுவந்த ஆஸ்தாலினை, நம் ஊர் ஆல்பியூட்டராலை, வைத்து ஓட்டியிருக்கிறார். இதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது. ஆஸ்தாலின் அந்த நேர இளைப்பைத்தான் தணிக்கும், உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும். தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பதிலாக அதை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் எமர்ஜென்ஸியில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கிளெய்மை (இன்சூரன்ஸுக்கு அனுப்பும் பில்லை) மறுபடி ஓட்டச் சொல்லி ஃபார்மசியிடம் கேளுங்கள், மறுத்தால் என்ன காரணம் என்று அச்செடுத்து வாங்குங்கள். அதை வைத்து இன்சூரன்ஸுக்கு எழுதுங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாநிலத்தின் வங்கி, காப்பீட்டுத் துறையில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். செல்ஃப் ஃபண்டட் பிளான்காரர்கள் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவர்கள் கூப்பிட வேண்டியது மத்தியத் தொழிலாளர் துறையை: 1-866-444-3272.