துருவைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள்

“வங்கதேசத்துக் கிராமங்களில் சில அடிபம்புகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களே, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடாதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஆகாது. கொதிக்க வைத்தால் காலராக் கிருமி சாகும். அந்தத் தண்ணீரில் இருப்பது ஆர்செனிக். அது ஒரு தனிமம், எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நாம் பாஷாணம் என்கிறோமே, அதில் வெள்ளைப் பாஷாணம் ஆர்செனிக் சேர்மம்தான். ஆனால் குடிதண்ணீரில் அது இருப்பது நிறத்திலோ மணத்திலோ ருசியிலோ தெரியாது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் பத்தை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. வங்கதேச அரசின் வரம்பு 50.

அந்த அடிபம்புகள் நல்ல எண்ணத்தில் போடப்பட்டவை. குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்த காலம். 1970களில் யுனிசெஃப் உதவியோடு அரசு குழாய்க் கிணறுகளைப் போட ஆரம்பித்தது. அப்புறம் மக்களே சொந்தக் காசில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். ஆர்செனிக் இருக்கிறதா என்று அன்று யாரும் பார்க்கவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்கு வங்கத்து நோயாளிகளை 1980களின் தொடக்கத்திலேயே கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா கண்டுபிடித்துவிட்டார். வங்கதேசத்தில் சாப்பாய் நவாப்கஞ்சில் 1993இல்தான் தெரியவந்தது. 1998-99இல் நாடு முழுக்க 3,534 கிணறுகளைச் சோதித்தார்கள். ஆழம் குறைந்த கிணறுகளில் நூற்றுக்கு 27, அந்த 50 என்ற வரம்பையும் தாண்டியிருந்தன.

எந்த ஆலையும் இதைக் கொட்டவில்லை. இமயமலைப் பாறைகள் சிதைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் அடித்து வந்த மணலோடு வந்தது இது. அந்த மணலின் ஒவ்வொரு பரலின் மேலும் துரு ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். நம் வீட்டு இரும்புக் கதவில் பிடிக்கும் துருவின் உறவுதான். ஆர்செனிக் அந்தத் துருவின் மேல் இறுக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருக்கும் வரை தண்ணீருக்கு ஆபத்து இல்லை.

அதைப் பிரிப்பது யார் என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வியப்பைத் தரும் பகுதி. மணலோடு சேர்ந்து இலை தழைகளும் மண்ணுக்கடியில் புதைந்தன. அவற்றைத் தின்ன பாக்டீரியாக்கள் வந்தன. உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் எந்த உயிரும் மிஞ்சும் எலக்ட்ரான்களை எதிலாவது இறக்கி வைத்தாக வேண்டும். நாம் ஆக்சிஜனில் இறக்குகிறோம், அதற்காகத்தான் மூச்சு விடுகிறோம். பூமிக்கடியில் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்போது ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் துருவிடம் போகின்றன. துருவோ திடப்பொருள், செல்லுக்குள் அதை இழுக்க முடியாது. அதனால் அவை எலக்ட்ரானை வெளியே அனுப்புகின்றன. செல்லின் உள்ளிருந்து வெளிச்சுவர் வரை ஹீம் என்ற இரும்புக் கூறு கொண்ட புரதங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே ஹீம். எலக்ட்ரான் ஒரு ஹீமிலிருந்து அடுத்ததற்குக் கைமாறி வெளியே வருகிறது. சில பாக்டீரியாக்கள் இந்தப் புரதங்களையே கோத்து, தம் உடலைவிட நீளமான கம்பியாக நீட்டி மணல் பரலைத் தொடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் மின்கம்பி இழுத்து மூச்சு விடுகிறது!

எலக்ட்ரானை வாங்கிய இரும்பு தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. துருப்பூச்சு கரைகிறது, பிடி விட்ட ஆர்செனிக் தண்ணீரில் கலக்கிறது. மேற்கு வங்கத்து மண்ணை எடுத்துச் சோதித்து, மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2004இல் இதைக் காட்டியது.

இதே ரசாயனத்தைத் திருப்பிப் போடவும் முடியும். அந்த ஊர்த் தண்ணீரை அடிபம்பில் பிடித்த உடனே கண்ணாடித் தம்ளரில் பார்த்தால் தெளிவாக இருக்கும். மூடாமல் வைத்தால் மறுநாள் காலை அடியில் செம்பழுப்பாக ஏதோ படிந்திருக்கும். காற்று பட்டதும் இரும்பு மறுபடி துருவாகி, கொஞ்சம் ஆர்செனிக்கையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. அந்தத் தெளிவை நம்பிக் குடிக்கக் கூடாது, ஆர்செனிக்கில் பாதிக்கு மேல் இன்னும் தண்ணீரிலேயே இருக்கலாம். ஆனால் குஷ்தியா ஊரைச் சேர்ந்த வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டி இதே வழியில்தான் வேலை செய்கிறது. பதப்படுத்திய இரும்புத் துகள்களின் வழியே தண்ணீர் இறங்கும்போது ஆர்செனிக் அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. 2007இல் அமெரிக்கப் பொறியியல் அகாதமி இதற்குப் பத்து லட்சம் டாலர் பரிசு தந்தது.

உடம்பில் இது வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். நெஞ்சிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலப் புள்ளிகள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து முடிச்சு முடிச்சாகும். பின்னால் தோலிலும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வரலாம். இதைச் சாபம் என்றும் தொற்றுநோய் என்றும் சொல்லி, கட்டிய மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் நின்று போனதும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரே பம்பில் தண்ணீர் குடித்த வீட்டில், கையில் முடிச்சு வந்த ஒருத்தியை மட்டும் குற்றவாளியாக்கினார்கள்.

சரி, சிவப்புப் பெயிண்டுக்கு வருவோம். 2000த்தின் தொடக்க ஆண்டுகளில் கிட்டத்தட்ட 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடித்தார்கள். சோதனை எளிது. தண்ணீரில் அமிலமும் துத்தநாகத் தூளும் போட்டால் ஆர்செனிக் வாயுவாக எழும்பும், மேலே வைத்த காகிதத் துண்டு மஞ்சளாகிப் பழுப்பாகும். பத்தடி தள்ளி இருக்கும் பச்சைக் கிணறு தெரிந்தாலே ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். பெரிய சுத்திகரிப்பு இயந்திரங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது, புதிதாகத் தோண்டும் ஒவ்வொரு கிணற்றுக்கும் இந்தச் சோதனையைச் செய்யப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயிண்ட் வெளுத்துப் போகும். புதுக் கிணறுகளுக்கோ யாரும் பெயிண்டே அடித்திருக்க மாட்டார்கள்.

அங்கே கிணறு போடும் மிஸ்திரிகள் மூங்கில் சாரத்தின் மேல் ஒருவரை உட்கார வைப்பார்கள். அவருடைய உள்ளங்கைதான் வால்வு. குழாய் மேலே வரும்போது அதன் மேல் வாயைக் கையால் மூடுவார், கீழே இறங்கும்போது கையை எடுப்பார், சேறும் மணலும் பீறிட்டு வெளியே கொட்டும். சாம்பல் நிற மணல் வந்தால், துரு தின்னப்பட்டுவிட்ட அடுக்கு என்று அர்த்தம். இன்னும் ஆழத்தில், பல இடங்களில், செம்மஞ்சள் மணல் வரும். அந்த நிறமே கரையாமல் மிஞ்சியிருக்கும் துருவின் நிறம். குழாயின் அடிமுனையை அங்கே நிறுத்தினால் பெரும்பாலும் தண்ணீர் நல்லதாக இருக்கும். அப்புறமும் காகிதத் துண்டை வைத்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.