நீலத் தண்ணீரில் ஒரு துளி

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான நாள். அன்று காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு பழைய நகரத்தார் வீட்டில் முகாம் போட்டிருந்தார்கள். முகப்பில் பதிவு மேசை, வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டில்கள். அக்கா மகனுக்கு 18 முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "மாமா, நீங்களும் வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். கிளம்பும்போது அப்பத்தா, "வளர்ற பிள்ளைகிட்ட போயி ரத்தத்தை எடுக்குறாக பாரு" என்று முணுமுணுத்தார்.

அளவு தெரிந்தால் பாதி பயம் போய்விடும். உடம்பில் கிலோவுக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் ஓடுகிறது. 50 கிலோ ஆளுக்கு மூன்றரை லிட்டர். எடுப்பது 350 மில்லி, காபி டம்ளரில் இரண்டு. 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 வரை எடுக்கலாம். 45 கிலோவுக்குக் கீழே என்றால் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

முதலில் ஒரு படிவம். சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, பச்சை குத்தினீர்களா, என்ன மாத்திரை, கொஞ்சம் கூச்சமான கேள்விகள் சில. இதில் பொய் சொல்லக் கூடாது. எடுத்த ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா எல்லாம் சோதிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் கிருமி உடம்புக்குள் வந்த புதிதில் எந்தச் சோதனையிலும் சிக்காத நாட்கள் உண்டு. அந்த ஓட்டையை அடைப்பது நம் பதில்தான்.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். விரல் நுனியில் ஒரு குத்து (உண்மையைச் சொன்னால், பெரிய ஊசியைவிட இதுதான் சுருக்கென்று இருக்கும்). அந்த ஒரு சொட்டை நீலநிறக் கரைசல் இருந்த சின்னக் குடுவைக்குள் விட்டார் முகாமில் சோதித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. அது மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல். தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமாக, 1.053 அடர்த்தி வருமாறு கரைத்து வைத்திருப்பார்கள். ரத்தம் பட்டதும் ரத்தத்திலுள்ள புரதமும் கரைசலிலுள்ள செம்பும் சேர்ந்து துளியைச் சுற்றி மெல்லிய உறை போட்டுவிடும். அதனால் துளி கரையாமல் மணி மாதிரி நிற்கும். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் துளி கரைசலைவிடக் கனம், 15 நொடிக்குள் அடியில் போய் உட்காரும். குறைந்தால் மிதக்கும், இல்லை பாதியில் தயங்கும். இப்போது பல இடங்களில் சின்னக் கருவி வந்துவிட்டது. ஆனாலும் இந்தக் குடுவையின் அழகு அதில் இல்லை. "மாமா, முங்கிருச்சு!" என்றான் மருமகன், தேர்வில் பாஸான முகத்தோடு.

கட்டிலில் படுத்ததும் மேல்கையில் பட்டையை இறுக்குவார்கள். முழங்கை மடிப்பில் நரம்பு புடைக்கும். நரம்பு என்று நாம் சொல்கிறோமே தவிர அது சிரை. ஊசி பார்க்கத் தடிமன்தான், ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மெல்லிய ஊசியில் ரத்தம் நெருக்கிக்கொண்டு போனால் சிவப்பணுக்கள் உடையலாம், ஓட்டமும் மந்தமாகிவிடும். கையில் ஒரு பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது, தசை சுருங்கிச் சிரைக்குள் ரத்தத்தைத் தள்ளுவதற்கு. பை கட்டிலுக்குக் கீழே ஒரு தட்டில் தொட்டில் போல ஆடிக்கொண்டே இருக்கும். பைக்குள் முன்பே 49 மில்லி திரவம் இருக்கிறது. அதிலுள்ள சிட்ரேட், எலுமிச்சையின் புளிப்பு இருக்கிறதே, அந்த அமிலத்தின் உப்பு. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தம் உறையாது. இரண்டும் கலக்கத்தான் அந்தத் தாலாட்டு. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் பை நிறைந்துவிடும்.

எழுந்திருப்பதில்தான் நிதானம் வேண்டும். கல்லூரி நாளில் நான் முதன்முதலாகக் கொடுத்தபோது காலையில் குடித்தது ஒரு டீ மட்டும். முடிந்ததும் வீராப்பாக எழுந்து நடந்தேன். அப்புறம் கண் திறந்தபோது எதிரே தெரிந்தது மின்விசிறி. பயமும் பசியும் ரத்த இழப்பும் சேரும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. காலில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கேயே தேங்குகிறது. மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வருகிறது. விழுவதே வைத்தியம் மாதிரிதான், படுத்தால் ரத்தம் தலைக்குத் திரும்பிவிடும். ஆனால் தரை கருங்கல்லாக இருந்தால் மண்டை தாங்காது. அதனால் நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அரை மணிக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். படுத்திருக்கும்போது காலைப் பின்னித் தொடையை இறுக்கி இறுக்கி விடுங்கள். முடிந்தபின் கால் மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள். எங்கள் முகாமில் பிஸ்கட்டோடு தேன்குழலும் வைத்திருந்தார்கள், உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இல்லை.

போனது எப்போது திரும்பி வரும்? இங்கேதான் ரத்தம் ஒரே பொருள் இல்லை என்று புரியும். அதன் தண்ணீர்ப் பகுதி ஊருணியில் ஊற்று சுரப்பதுபோல ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் வேண்டும். ஆக்சிஜன் குறைந்ததைச் சிறுநீரகம் மோப்பம் பிடித்து எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்ப, எலும்பு மஜ்ஜை வேலையைக் கூட்டும். கடைசியில் வருவது இரும்பு. 350 மில்லியோடு ஏறக்குறைய 150 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து குடல் ஒரு நாளில் எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, மாதவிலக்கில் இரும்பை இழக்கும் பெண்களுக்கு 120 நாள் என்று வைத்திருப்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

மருமகன் வரும் வழியிலேயே எண்ணிவிட்டான். டிசம்பர் 30. வீட்டில் அப்பத்தா சுவரொட்டி வாங்கி வரச் சொல்லி மிளகு போட்டு வறுத்து வைத்திருந்தார். ஆட்டின் மண்ணீரல், இரும்புக்கு அதை மிஞ்சுவது கஷ்டம். மறுநாள் முருங்கைக்கீரை. கீரையிலுள்ள இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் எலுமிச்சை பிழிந்துகொள்ளணும், சாப்பிட்டவுடன் டீ குடிக்கக் கூடாது என்று விளக்கினேன். எலுமிச்சை உடனே வந்தது. டீயும் கூடவே வந்தது.