ஆக்சென்ட் என்றால் ஓங்கடி

‘டிரம்ஸில் கடினமான உச்சரிப்பு வடிவங்களைப் பயில்வது எப்படி?’ இப்படி ஒரு தலைப்பை இன்னொரு முறை பார்த்தால் பொறுக்க முடியாது. தோல் கருவிக்கு ஏது உச்சரிப்பு? ‘ஆக்சென்ட்’ என்ற சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

லத்தீனில் ‘ஆக்சென்டுஸ்’. பாட்டைக் குறிக்கும் ‘காண்டுஸ்’ அதற்குள் இருக்கிறது. கிரேக்கத்தின் ‘புரொசோடியா’வைப் பார்த்து வார்த்த சொல். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு வழங்கியது, இசையில் மற்றவற்றைவிடத் தூக்கலாகக் கேட்கும் ஒலிக்கும் பெயரானது. அவ்வளவுதான் வரலாறு.

உச்சரிப்பை ஒரு வரியில் தள்ளிவிடலாம். என் வழக்கு ‘அழுத்தம்’ என்ற சொல்லோடுதான். படித்தவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். பியானோவுக்குச் சரி, கட்டையை அழுத்தத்தான் வேண்டும். வயலினில் வில்லை அழுத்தலாம். டிரம்ஸில் அழுத்தினால் கெட்டது கதை. ஸ்நேர் டிரம்மின் தோலில் குச்சியை அழுத்திப் பாருங்கள்: துள்ளல் செத்து, ‘பிர்ர்’ என்று நுனி தோலிலேயே கரகரக்கும். அது ‘பிரஸ் ரோல்’ என்ற வேறொரு உத்தி. ‘அழுத்தம்’ தேவைப்படும் இடம் அதுதான். அதை ஆக்சென்டுக்குக் கொடுத்துவிட்டால் பிரஸ் ரோலுக்கு என்ன சொல்வது? புதிதாகப் பழகுகிறவரிடம் ‘இங்கே அழுத்தம் கொடு’ என்றால் தோளை இறுக்கி, பிடியை நெரித்து, குச்சியைக் குத்துகிறார். சொல்தான் அவரைக் கெடுக்கிறது.

‘வல்லிசை’ என்று சிலர் முன்மொழிகிறார்கள். கேட்க அழகுதான். ஆனால் தொல்காப்பியத்தில் வல்லிசை வண்ணம் என்பது வல்லெழுத்து மிகுந்து வரும் செய்யுள் ஓசை. ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல்லை ஏன் இழுக்க வேண்டும்?

ஆக்சென்ட் பிறப்பது உயரத்தில். மெல்லிய தட்டலுக்குக் குச்சி நுனி தோலுக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடையில் நின்றால் போதும். ஆக்சென்டுக்கு ஒரு சாணாவது ஏற வேண்டும். இதைத் தமிழ் எப்போதோ கண்டு வைத்திருக்கிறது: ‘ஓங்கி அடி’ என்கிறோம். கை உயர்வதும் ஒலி உயர்வதும் ஒரே வினையில் அடங்கிவிட்டன. எனவே ஆக்சென்ட் ‘ஓங்கடி’. ஓங்கு தண்ணுமை போல வினைத்தொகை. ஆக்சென்ட் பேட்டர்னுக்கு, கர்நாடக இசைப் பயிற்சியின் சரளி வரிசையைப் போல, ‘ஓங்கடி வரிசை’. ஓங்காத மற்ற அடிகள் ‘தட்டு’.

ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். 16 அடிகளை வலது இடது என்று மாறி மாறி வாசிக்கிறோம். மூன்றடித் தகிட நான்கு முறை, பிறகு நான்கடித் தகதிமி ஒன்று. 1, 4, 7, 10, 13 ஆகிய இடங்களில் ஓங்கடி. முதலாவது வலது கையில், 4 இடது கையில், 7 மறுபடி வலதில். கை இடறுவது ஓங்கடியில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இடறுவது அதற்கு முன்னால். 4-இல் இடது கை ஓங்கி இறங்க வேண்டுமானால், 2-இல் மெல்லத் தட்டிய உடனே அது மேலே போயிருக்க வேண்டும். 7-க்கான வலது கை 5-இலேயே எழ வேண்டும். ஓங்கி முடித்த கையோ உடனே தாழ்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தட்டும் சத்தமாகிவிடும். முதலில் ஓங்கல், பிறகு அடி: சொல்லின் வரிசையே கையின் வரிசை. அழுத்தத்தில் இதில் எது இருக்கிறது?

மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு முறையாவது குச்சியைப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுதினால் நல்லது. ‘கோஸ்ட் நோட்’டை ‘பேய்க் குறிப்பு’ என்று எழுதுகிறார்கள். காதில் விழுந்தும் விழாததுமாக ஒலிக்கும் தட்டு அது. ‘கள்ளத்தட்டு’ என்றால் யாருக்குப் புரியாது?

காலால் மிதித்து வாசிக்கும் பேஸ் டிரம்முக்குக் கை ஏது என்று கேட்கலாம். அங்கேயும் ஆக்சென்டுக்குப் பலரும் குதிகாலைத் தூக்கித்தான் மிதிக்கிறார்கள். காலும் ஓங்கும்.