பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் என்ன என்று பார்த்தீர்களா?

மே மாசக் கடைசியில் கணக்கில் 20 ரூபாய் குறைந்தால், "பேங்க்ல ஏதோ புடிச்சுட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த அக்காவும் அப்படித்தான் இருந்தார். கணவரின் பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வந்து நீட்டினார். 20 ரூபாய்க்கு நேரே பி.எம்.எஸ்.பி.ஒய்., அடுத்த வரியில் 436 ரூபாய்க்கு நேரே பி.எம்.ஜே.ஜே.பி.ஒய். கடலுக்குப் போகிற மனுஷனுக்கு இரண்டு காப்பீடு ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டும் 2015 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டங்கள். 20 ரூபாய் என்பது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. விபத்துக்கு மட்டும். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரு கண்ணோ இரு கையோ இரு காலோ போனாலோ 2 லட்சம். ஒரு கண் அல்லது ஒரு கை, கால் போனால் 1 லட்சம். புயல் வெள்ளத்தில் நேரும் மரணமும் இதில் வரும். மாரடைப்பு வராது, தற்கொலை வராது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இதில் ஒரு பைசா கிடையாது. அதற்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை தனி.

436 ரூபாய் என்பது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா. இது ஆயுள் காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வரை தொடரலாம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் வரும். வருஷ நடுவில் சேர்ந்தால் பிரீமியம் குறையும்: செப்டம்பரிலிருந்து 342, டிசம்பரிலிருந்து 228, மார்ச்சிலிருந்து 114.

இரண்டுக்கும் வருஷக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. தவறு நடப்பதே இங்கேதான். பிரீமியம் எடுக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் காப்பீடு நின்றுபோகும். மே கடைசி வாரத்தில் 500 ரூபாயாவது கணக்கில் இருக்கட்டும். இரண்டு பேங்க்கில் கணக்கு இருக்கிறதே என்று இரண்டிலும் சேர்ந்தால் 4 லட்சம் கிடைக்காது. ஒன்றுக்குத்தான் பணம், இன்னொரு பிரீமியம் வீண்.

இதில் சேர ஏஜென்ட் தேவையில்லை. கணக்கு இருக்கிற பேங்க்கிலோ தபால் நிலையத்திலோ ஃபார்ம் கொடுத்தால் போதும். ஆனாலும், பெரிய பாலிசி விற்க வருகிற ஏஜென்ட், "முதல்ல பாஸ்புக்க எடுங்கண்ணே, இது ரெண்டும் இருக்கா பாப்போம்" என்று கேட்டால் அவரை நம்பிப் பேசலாம் என்பது என் கணக்கு.

கிளெய்ம் என்றால் பிரீமியம் பிடித்த அதே கிளைக்குத்தான் போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, அவருடைய பேங்க் விவரம் வேண்டும். விபத்தென்றால் எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். பண்ருட்டிப் பக்கம் பலா மரத்திலிருந்து விழுவது, வயலில் பாம்பு கடிப்பது போன்றவற்றுக்கு உடனே சேர்த்த ஆஸ்பத்திரியின் பதிவை வைத்தும் காரணத்தை உறுதிசெய்வார்கள். அதனால் ஓ.பி. சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். 30 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

'தானே' புயல் வந்தது 2011 டிசம்பர் 30. 'ஃபெஞ்சல்' புயல் 2024 நவம்பர் 30. அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் தென்பெண்ணை தண்ணீர் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. பீரோவின் அடித்தட்டில் பத்திரமாக இருந்ததுதான் முதலில் நனையும். ஐப்பசி பிறக்கும் முன்னே பாஸ்புக், ஆதார், ரேஷன் கார்டு, பாலிசிப் பத்திரம் எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பரண்மேல் வைத்துவிடலாம். போட்டோ எடுத்து வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது.

சரி, அந்த அக்கா விஷயம். நாமினி யாரென்று கிளையில் கேட்கச் சொன்னேன். சேமிப்புக் கணக்கு நாமினி அக்காதான். ஆனால் காப்பீட்டு ஃபார்மில் எழுதுகிற நாமினி வேறு. அதில் மாமியார் பெயர் இருந்தது. அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. பெயர் மாற்ற ஃபார்ம் வாங்கிவிட்டார். கையெழுத்துப் போட வேண்டியவர் கடலில் இருக்கிறார், வியாழக்கிழமை கரைக்கு வருகிறார்.