நூல் பிடிப்பது ரோபோ, கட்டுவது புழு

எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்துச் சந்து. மணல் வண்டி உள்ளே வராது, மூட்டை கட்டித் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர். காலையில் வந்ததும் இரண்டு மூலையிலும் கல் வைத்து நடுவே நூல் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு கல் வைப்பது யாராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. "நூல் சரியா இருந்தா சுவர் தானா வந்துரும் சார்."

உயிர்களையும் ரோபோக்களையும் சேர்த்து வைத்துக் கட்டடம் கட்டும் ஆராய்ச்சிகளைப் படித்தால் எனக்கு அந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது. ரோபோ என்றதும் இரும்புக் கை ஒன்று செங்கல் அடுக்குவதாக நினைத்துக்கொள்கிறோம். இந்த ஆராய்ச்சிகளில் கல் வைப்பது புழுவும் பாக்டீரியாவும். ரோபோவுக்குப் பெரும்பாலும் நூல் பிடிக்கும் வேலைதான்.

மைசூர் சாலையில் 50 கிலோமீட்டர் போனால் ராமநகரம், பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். அந்தப் பக்கத்துப் புழு வளர்ப்பவர்கள் வீட்டில் சந்திரிகையைப் பார்த்திருக்கலாம். மூங்கில் தட்டில் சுருள் சுருளாகத் தடுப்பு வைத்திருப்பார்கள். இலை தின்று முடித்து உடம்பு மஞ்சளோடிய புழுவை அதில் விட்டால், இண்டு பார்த்து ஒண்டிக்கொண்டு, தலையை எட்டுப் போடுவதுபோல் ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாளில் கூட்டை முடித்துவிடும். இழை ஒன்றே ஒன்றுதான், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம். சரி, ஒண்டிக்கொள்ள இண்டே இல்லையென்றால்? தட்டையான பரப்பில் விட்டால் புழு கூடு கட்டுவதில்லை, பாய் விரித்தாற்போல் இழையைப் பரப்பிவிடுகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெரி ஆக்ஸ்மனின் குழு 2013இல் பிடித்துக்கொண்டது இந்தக் குணத்தைத்தான். கணினி இயக்கும் இயந்திரம் 26 சட்டங்களில் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டியது. சட்டங்களைக் கோத்துக் கூரையில் கவிழ்த்த கூடைபோல் தொங்கவிட்டு, விளிம்பில் 6,500 புழுக்களை விட்டார்கள். இடைவெளிகளை அவை நிரப்பின. இருட்டான இடத்துக்குப் போவது புழுவின் வழக்கம். அதனால் எங்கே வெளிச்சம் விழ வேண்டும், எங்கே கூடாது என்பதையும் கணக்கில் வைத்தே நூல் இழுத்திருந்தார்கள். இழை பிரிக்கக் கூட்டைப் புழுவோடு கொதிநீரில் போடுவதுதான் வழக்கம். இங்கே கூடு இல்லை என்பதால் கொதிநீரும் இல்லை. புழுக்கள் வேலை முடித்து, அந்துப்பூச்சியாக மாறி முட்டையும் இட்டன. ராமநகரத்துப் புழுவுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

நூலே பிடிக்காமல் கட்டுகிறவர்களும் உண்டு. யஷ்வந்தபுரம் பக்கம் போனால் இந்திய அறிவியல் கழகம். எங்கள் பேட்டையில் பெரியவர்களுக்கு அது இன்றும் டாட்டா இன்ஸ்டிடியூட்தான். கரையான் மண்ணோடு எச்சில் சேர்த்துப் பிசைந்த புற்று மண்ணை அங்கே சோதித்துப் பார்த்தார்கள். அதே இடத்துச் சாதாரண மண்ணைவிடச் சுமார் பத்து மடங்கு வலு. வரைபடமும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஒரு கரையான் ஈர உருண்டையை வைத்துவிட்டுப் போகிறது. அது கிடக்கும் இடமே பின்னால் வருகிற கரையானுக்குத் தகவல் சொல்கிறது. இப்படி வேலையே வேலையை ஏவுவதைப் பிரெஞ்சு விலங்கியலாளர் கிராஸே 1959இல் விளக்கினார்.

அந்தப் பாடத்தை ஹார்வர்டில் ராதிகா நாக்பாலின் குழு ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்தது. 2014இல் வெளிவந்த அந்தச் சின்ன ரோபோக்கள் கட்டையைச் சுமந்துகொண்டு, தாங்கள் கட்டிய படியிலேயே ஏறி மேலே வைத்தன. ஒன்றோடொன்று பேசுவதில்லை, வேலை எவ்வளவு முடிந்தது என்று எதற்கும் தெரியாது. நடுவில் ஒன்று படுத்துவிட்டாலும் மற்றவை பாட்டுக்குக் கட்டும். நம் சித்தாள்களில் ஒருவர் லீவு போட்டால் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும்.

பாக்டீரியா இன்னும் விசித்திரம். அது எதையும் தூக்குவதில்லை, இருந்த இடத்திலேயே கல்லாக்குகிறது. ஸ்போரோசார்சினா பாஸ்சுரி என்ற மண்வாழ் பாக்டீரியாவுக்கு யூரியா கொடுத்தால், தன்னிடமுள்ள யூரியேஸ் நொதியால் அதை உடைக்கும். அம்மோனியாவும் கார்பனேட்டும் வெளிவரும். சுற்றியுள்ள ஈரம் காரமாகும். அங்கே கால்சியம் இருந்தால் கார்பனேட் அதோடு சேர்ந்து கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகமாகி, மண் துகள்களின் இடுக்கில் உட்கார்ந்து ஒன்றோடொன்றைப் பிணைக்கும். வயலில் போடும் அதே யூரியாதான். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

டாட்டா இன்ஸ்டிடியூட்டில் ஆலோக் குமார், கௌஷிக் விஸ்வநாதன் குழுவினர் இஸ்ரோவோடு சேர்ந்து இப்படித்தான் நிலாவுக்கான கல்லைச் செய்தார்கள். நிலா மண்ணைப்போலச் செய்த பொடி, யூரியா, பாக்டீரியா, ஒட்டுக்குக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின். 2022இல் செவ்வாய் மண் மாதிரிக்குப் போனபோது சிக்கல் வந்தது. அந்த மண்ணில் இரும்பு அதிகம். முதலில் பாக்டீரியா வளரவே இல்லை. நிக்கல் குளோரைடு சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. கலவையை அச்சில் ஊற்றிச் சில நாள் விட்டால் கல். 2025இல் சூட்டில் இறுக்கிய நிலாக் கல்லின் விரிசலையும் இதே பாக்டீரியாக் கலவையால் அடைத்துக் காட்டினார்கள்.

பாக்டீரியாவுக்கு மூலைமட்டமெல்லாம் தெரியாது. அச்சு இல்லையென்றால் யாராவது வடிவம் கொடுத்தாக வேண்டும், மறுபடி ரோபோ வருவது அங்கேதான். 2025 வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவைக் கூழில் கலந்து, ரோபோவால் முப்பரிமாணத்தில் மரத்தடிபோல் அச்சிட்ட வடிவங்களை நிறுத்தியிருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவானவை. காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து உள்ளே தாதுவாக்கிக் கொள்வதால் நாளாக நாளாக இறுகும். ஆனால் கண்காட்சி நடந்த நாளெல்லாம் ஈரம், வெளிச்சம், சூடு மூன்றையும் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இதை மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் காங்கிரீட் தூணுக்கு நனைத்த சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார். சிமெண்டும் தண்ணீர் குடித்துத்தானே இறுகுகிறது, அதனால் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நமக்கு ஏழு நாள் தண்ணி விட்டா போதும். அதுக்கு எத்தனை நாள் சார்?"

"உயிரோட இருக்கிற வரைக்கும்."

"அப்ப அது சுவர் இல்ல சார், மாடு" என்று சொல்லிவிட்டு, கீழே மோட்டார் போடச் சொல்லிக் குரல் கொடுத்தார்.