மாற்றுத்திறனாளியின் காருக்குச் சுங்க விலக்கு: முதலில் ஆர்.சி.யைத் திருத்துங்கள்

மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட வாகனத்துக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டணம் கிடையாது. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 11ஆவது விதி இந்த விலக்கைத் தருகிறது. விதி வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கி ஓட்டுகிற பலர் ஒவ்வொரு சாவடியிலும் பணம் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

2021 பிப்ரவரியில், சுங்கம் கட்ட வேண்டிய எல்லா வண்டிகளுக்கும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதற்கு முன்பு, நல்ல மனம் உள்ள ஊழியர் ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, கைப்பிடியையும் ஊன்றுகோலையும் கண்டு தடுப்பைத் தூக்கிவிடுவார். இப்போது அவருக்கு வேலையே இல்லை. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை மேலே உள்ள கருவி படிக்கிறது, கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது. ஓட்டுவது யார் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. ஆகவே உங்கள் வண்டிக்கு விலக்கு ஃபாஸ்டேக் என்ற தனி ஸ்டிக்கர் வேண்டும். அதைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம்தான் தரும். வங்கியிலோ சாவடிக்குப் பக்கத்தில் குடை போட்டு உட்கார்ந்திருப்பவரிடமோ கிடைக்காது.

பெரும்பாலோர் சறுக்குவது இனிமேல்தான். இந்த விலக்கு ஆளுக்குக் கொடுக்கப்பட்டதல்ல, வண்டிக்குக் கொடுக்கப்பட்டது. உங்களுக்கு 80 சதவீத ஊனம் இருக்கலாம், மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை கையில் இருக்கலாம். வண்டியின் பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், உரிய பதிவு இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அட்டையைச் சாவடியில் நீட்டி வாதாடுவதில் பயனில்லை. உங்களுக்கு நேரமும் மரியாதையும்தான் போகும். ஒரு சாவடியில், போலியோவால் கால் சூம்பிய பெரியவர் ஒருவரை ஊழியர் வண்டியிலிருந்து இறங்கி நடந்து காட்டச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. அவருடைய ஆர்.சி.யில் வண்டி வகை 'மோட்டார் கார்' என்றே இருந்தது. கைக்கட்டுப்பாடு பொருத்திப் பல ஆண்டுகள் ஆகியும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று பொருத்திக் கொடுத்தவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

ஆர்.சி.யில் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று வண்டி வகை. அங்கே 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று இருக்க வேண்டும். பழைய வண்டியானால் 'இன்வேலிட் கேரேஜ்' என்று இருக்கும். மற்றொன்று உரிமையாளர் வகை. 2020 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிப் பதிவு விண்ணப்பமான படிவம் 20ஐத் திருத்தி, உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்பதைக் குறிக்கத் தனி இடம் ஒதுக்கியது. அங்கே 'திவ்யாங்ஜன்' என்று வர வேண்டும். புது வண்டி வாங்கும்போது ஷோரூம்காரர் வழக்கம்போல் 'இண்டிவிஜுவல்' என்று தட்டிவிடுவார். படிவம் 20இல் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு மாற்றுவதற்கு நீங்கள்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

வண்டி அப்பா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் 'திவ்யாங்ஜன்' என்ற பதிவு வராது. கடன் எளிதாகக் கிடைக்கும் என்று குடும்பத்தில் சம்பளக்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு பெயர் மாற்றம், கடன் கொடுத்த வங்கியின் தடையில்லாச் சான்று, புதிய காப்பீடு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். வாங்கும்போதே மாற்றுத்திறனாளியின் பெயரில் வாங்குங்கள்.

ஏற்கனவே ஓடுகிற காரில் கைக்கட்டுப்பாடு பொருத்தியிருந்தால் பயப்பட வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, மாற்றத்தைச் செய்துவிட்டுப் பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெற இடம் தருகிறது. முன் அனுமதி வாங்காததால் முடியாது என்று கவுன்ட்டரில் சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். 'அடாப்டட் வெஹிக்கிள்' என்பதற்குச் சட்டத்தில் உள்ள விளக்கம், தொழிற்சாலையிலேயே வடிவமைத்த வண்டியையும் பிறகு மாற்றியமைத்த வண்டியையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. பொருத்தியவரின் ரசீது, ஊனச் சான்று, ஓட்டுநர் உரிமம், நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றோடு போங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். ரசீது தராத மெக்கானிக்கிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

மிகவும் அநியாயமாக நடத்தப்படுகிறவர்கள் இடது கால் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் கிளட்ச் கிடையாது. எனவே தனியாக எதையும் பொருத்தாமலேயே அவர்களால் ஓட்ட முடிகிறது. மாற்றமே செய்யாதபோது எப்படி வகையை மாற்றுவது என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்கும். வகை இல்லாமல் எப்படி விலக்கு தருவது என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்கும். நடுவில் நிற்பவர் மாதம் முழுக்கக் கட்டணம் கட்டுவார். இதற்காகத் தேவையில்லாத கைப்பிடியை ஒப்புக்குப் பொருத்திக்கொள்ளச் சொல்லும் தரகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள், ஓட்டும்போது அது ஆபத்து. ஆட்டோமேட்டிக் வண்டியைத்தான் ஓட்ட முடியும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள்.

மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். "அதெல்லாம் இங்கே பண்றதில்ல சார்" என்ற பதிலோடு வீடு திரும்பியவர்கள்தான் அதிகம். வாய்ச்சொல்லை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை. எழுத்தில் உத்தரவு கைக்கு வந்தால், அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் மோட்டார் வாகனச் சட்டம் 57ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். எழுதித் தர மறுத்தால் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பிறகு அந்த விண்ணப்பம் என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதுவரை அசையாத கோப்பு அந்த மனுவுக்குப் பிறகு நகர்வதுண்டு.

ஆர்.சி. சரியான பிறகுதான் ஸ்டிக்கருக்கு விண்ணப்பிக்க வேண்டும். நெடுஞ்சாலை ஆணையத்தின் விலக்கு ஃபாஸ்டேக் இணையதளத்தில் ஆர்.சி., உரிமம், ஊனச் சான்று, வண்டியின் படங்கள் ஆகியவற்றை ஏற்றுங்கள். ஆர்.சி.யிலும் ஊனச் சான்றிலும் பெயரின் முதலெழுத்து வேறு இடத்தில் இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். அதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஆணையத்துக்குச் சென்னையிலும் மதுரையிலும் மண்டல அலுவலகங்கள் உள்ளன. வண்டியை நேரில் கொண்டுவரச் சொன்னால், எந்த நாள், யாரைப் பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சலில் உறுதிசெய்துகொண்டு போங்கள். கால் முடியாதவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில் அலுவலகங்களுக்குக் கூச்சம் இருப்பதாகத் தெரியவில்லை.

புது ஸ்டிக்கர் வந்ததும் பழைய வங்கி ஃபாஸ்டேக்கை வங்கியிடம் சொல்லி மூடிவிட்டு, கண்ணாடியிலிருந்து கிழித்து எடுங்கள். இரண்டும் இருந்தால் கருவி பழையதைப் படித்துப் பணத்தை எடுத்துவிடும். தவறாகப் பிடித்த பணத்துக்கு அந்த வங்கியிடமும் 1033 என்ற எண்ணிலும் அன்றே புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

விலக்கு கேட்டுப் போகிறவரிடம், 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்திருக்கும் ஆண்டு பாஸை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அது பணம் கட்டி வாங்குகிற பாஸ், அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். கட்டணமே இல்லாத உங்களுக்கு அது எதற்கு?

ஒன்றை மறக்காதீர்கள். இந்த விலக்கு தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாநில அரசின் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் வசூலிக்கும் இடங்களில் இந்த ஸ்டிக்கரை நம்பிப் போக வேண்டாம்.

காப்பீட்டையும் கையோடு சரிசெய்துவிடுங்கள். மாற்றியமைத்ததைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுப்பார்கள். சொன்னால் உங்களுக்கு லாபம். மாற்றுத்திறனாளிக்கென மாற்றியமைத்து ஆர்.சி.யிலும் பதிவான வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. பாலிசியில் அதன் பெயர் ஐ.எம்.டி. 12 (IMT 12). முகவர் தானாகச் சொல்வது அரிது, பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதற்கும் ஆர்.சி. நகல்தான் ஆதாரம்.

எல்லாம் செய்தும் அலைக்கழித்தால், சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவருக்கு விசாரிக்கும் அதிகாரம் தந்திருக்கிறது. நெடுஞ்சாலை ஆணையம் மத்திய அரசின் கீழ் இருப்பதால், அதன் மீதான புகாரை டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு அனுப்புங்கள். மனுவோடு ஒப்புகை அட்டையின் நகல், எழுத்தில் வந்த மறுப்பு, பணம் பிடித்த குறுஞ்செய்திகளின் படம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள்.