டிராகனைச் சாய்த்த அந்துப்பூச்சி

2014 பிப்ரவரி 12 அன்று, கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்தில் ஒரு கூத்து ஆரம்பித்தது. பெயர் வெளியிடாத ஒரு ஆஸ்திரேலிய புரோகிராமர் 'போகிமான் ரெட்' கேமை (போகிமான் என்ற விசித்திர உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விடுகிற கேம்) ஓட விட்டு, அரட்டைப் பெட்டியில் யார் 'மேலே', 'கீழே', 'ஏ', 'பி' என்று தட்டினாலும் அது நேரடியாக கேமுக்குள் போகிற மாதிரி செய்துவிட்டார். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே பொம்மையை இழுத்தால் என்ன ஆகும்? நம்ம ஹீரோ சுவரில் முட்டிக்கொண்டு நின்றார், ஒரு சின்ன மேட்டு விளிம்பைத் தாண்டிப் போக மணிக்கணக்கானது, நல்ல போகிமான்களைத் தெரியாத்தனமாக விடுவித்தும் விட்டார்கள். அப்படியே 16 நாள் உருட்டி மார்ச் 1 அன்று கேமை முடித்தார்கள் என்பது தனிக் கதை.

இங்கே நமக்கு வேண்டியது அதில் வந்த ஒரே ஒரு சண்டை. கடைசிக் கட்டத்தில் எலைட் ஃபோர் என்று நான்கு பெரிய கைகள் வருவார்கள். நான்காவது ஆள் லான்ஸ், டிராகன்களை வளர்ப்பவர், அவருடைய கடைசித் துருப்பு 62-வது லெவல் டிராகனைட். அதன் முன்னால் இந்தக் கூட்டம் இறக்கியது வெனோமாத் என்ற விஷ அந்துப்பூச்சியை, அதுவும் லெவலில் ரொம்பவே பின்தங்கிய ஒன்றை. ஒரே ஒரு ஹைப்பர் பீம் போதும், பூச்சி சாம்பல். ஆனால் டிராகனைட் அடிக்கவே இல்லை. 'அஜிலிட்டி' போட்டுத் தன் வேகத்தை ஏற்றிக்கொண்டது, 'பேரியர்' போட்டுக் கவசத்தைத் தடித்துக்கொண்டது, மறுபடி அஜிலிட்டி, மறுபடி பேரியர். கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே இருந்த மாதிரி. பூச்சி பொறுமையாக அதன் உயிரைக் கரைத்துச் சாய்த்துவிட்டது. பார்த்தவர்கள் அந்த வெனோமாத்துக்கு டிராகனைக் கொன்ற வீரர் என்று பட்டமே கட்டினார்கள்.

அதிர்ஷ்டம் என்று பலர் நினைத்தார்கள். இல்லை. அந்த இடத்தில் அந்த டிராகனைட்டால் வேறு எதையும் செய்திருக்கவே முடியாது. ஏன் என்று பார்த்தால் இந்த மாதிரி கேம்கள் உள்ளே எப்படி ஓடுகின்றன என்பது கிட்டத்தட்ட முழுசாகப் புரிந்துவிடும்.

முதலில் எதிரியின் 'மூளை'. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ரெட், கிரீன் என்று இரண்டு பதிப்பாக வந்த கேம் இது. ஓடியது கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியில், அதன் ப்ராசஸர் சுமார் 4 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்ய வைத்திருந்த நினைவகம் 8 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட் மார்னிங்' படம் கூட அதற்குள் அடங்காது. அந்த இடத்தில் எதிரி நாலு அடி முன்னால் யோசித்து ஆடுவான் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் செய்தது இவ்வளவுதான்: எதிரியின் போகிமானிடம் இருக்கும் 4 மூவ்களுக்கும் (சண்டையில் அது போடக்கூடிய அடிகள், தந்திரங்கள்) தலா 10 மார்க் போடு. சில விதிகளைப் பார்த்து மார்க்கைக் கூட்டு, குறை. கடைசியில் எந்த மூவுக்கு மார்க் குறைவோ அதை எடு (இங்கே குறைந்த மார்க்தான் முதல் ரேங்க்). இரண்டு மூவ் சமமாக நின்றால் குலுக்கல்.

சாதாரண எதிரிகள் பலருக்கு இந்த விதிகளில் ஒன்றுக்கு மேல் கிடையாது, பெரும்பாலும் குருட்டாம்போக்காகத்தான் எடுப்பார்கள். லான்ஸ் மாதிரி பெரிய ஆட்களுக்கு ஒரு முக்கியமான விதி உண்டு: மூவின் டைப் (நீர், நெருப்பு மாதிரி வகை), எதிரே நிற்பதன் டைப்புக்கு எதிராகப் பலமானதா? ஆமாம் என்றால் 1 மார்க் குறை. கேட்க நல்ல விதிதான். நீருக்கு முன் நெருப்பு நிற்காது, செடிக்கு நெருப்பு ஆகாது என்று இந்த உலகமே டைப் அட்டவணையில்தான் சுழல்கிறது, முதல் தலைமுறையில் 15 டைப்.

பிரச்சினை எங்கே என்றால், அந்த விதி டைப்பை மட்டும் பார்க்கிறது, அந்த மூவ் அடிக்கிற மூவா, சும்மா தன்னைத் தானே தயார்படுத்திக்கொள்கிற மூவா என்று பார்ப்பதில்லை. ஒவ்வொரு மூவுக்கும் ஏதாவது ஒரு டைப் எழுதியாக வேண்டும், அதற்கு ஒரு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். வேகத்தை ஏற்றும் அஜிலிட்டிக்கு என்ன டைப் போடுவது? 'சைக்கிக்', அதாவது மனோசக்தி என்று போட்டார்கள். பேரியருக்கும் அதே. சைக்கிக் விஷ டைப்புக்கு எதிராகப் பலம். ஆக விஷப் பூச்சி முன்னால் நின்றதும் அஜிலிட்டி 9, பேரியர் 9, அடிக்கிற மூவ்களான ஸ்லாம் 10, ஹைப்பர் பீம் 10. குறைந்தது ஜெயிக்கும், அஜிலிட்டிக்கும் பேரியருக்கும் நடுவில் மட்டும் குலுக்கல். அடுத்த முறை கணக்குப் போட்டாலும் இதே விடைதான். ஏற்கெனவே வேகம் உச்சத்துக்குப் போய், இனி ஒன்றும் ஏறாது என்ற நிலையிலும் அதையேதான் போடும். நமக்கு ஒவ்வொரு மூவையும் இத்தனை தடவைதான் போடலாம் என்று ரேஷன் உண்டு, எதிரிக்கு அந்த ரேஷனும் கிடையாது. எனவே தீர்ந்து போய் வேறு மூவுக்கு மாறும் என்ற பயமும் இல்லை.

எலைட் ஃபோரின் முதல் ஆள் லோரலையிடமும் இதே வியாதி உண்டு. அவருடைய டியூகாங்கிடம் 'ரெஸ்ட்' என்று ஒரு மூவ் இருக்கிறது, தூங்கி உயிரை நிரப்பிக்கொள்வது. அதுவும் சைக்கிக் டைப். விஷ டைப்பையோ சண்டை டைப்பையோ முன்னால் நிறுத்தினால் அது முழு உயிரோடு இருக்கும்போதே தூங்கப் பார்க்கும், உயிர் நிறைந்திருப்பதால் அந்த மூவ் தோற்கும், அடுத்த முறை மறுபடி தூங்கப் பார்க்கும். முதல் தடவை எமுலேட்டரில் (பழைய கேம்களை வேறு கருவியில் ஓட்டும் மென்பொருள்) ஆடியபோது நான் இதைப் பார்த்துவிட்டு ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு டவுன்லோட் செய்தேன்!

சரி, இது தெரிந்த பிறகு லான்ஸை எப்படி ஆடுவது? விஷ டைப்பாகவும் இருக்க வேண்டும், டிராகனைட்டை உருப்படியாக அடிக்கவும் வேண்டும். என் ஆள் நிடோகிங், விஷம் + நிலம். ஆரம்பத்திலேயே கிடைக்கிற நிடோரானை வளர்த்து மூன் ஸ்டோன் கொடுத்தால் சீக்கிரமே வந்துவிடும், அதற்கு 'பிளிஸார்ட்' என்ற பனி மூவைக் கற்றுத்தரலாம். டிராகனைட் டிராகன் + பறவை, இரண்டுமே பனிக்குப் பலவீனம், அதனால் 2 x 2 = 4 மடங்கு அடி.

கணக்கைப் போட்டே பார்ப்போம், சூத்திரம் பயமுறுத்தாது. லெவலை 2 ஆல் பெருக்கி 5 ஆல் வகுத்து 2 கூட்டு. அதை மூவின் பலத்தால் பெருக்கு, அடிப்பவரின் தாக்குதல் எண்ணால் பெருக்கு, வாங்குபவரின் தற்காப்பு எண்ணால் வகு, பிறகு 50 ஆல் வகுத்து 2 கூட்டு. எல்லா இடத்திலும் தசமத்தைத் தூக்கிப் போட்டுவிடு, கேம் பாய்க்குத் தசமம் ஆகாது. 55-வது லெவல் நிடோகிங், ஸ்பெஷல் (உடல் அடி அல்லாத மூவ்களுக்குத் தாக்குதல், தற்காப்பு இரண்டுமாக நிற்கும் எண்) 100 என்று வைப்போம். 55 x 2 ÷ 5 + 2 = 24. பிளிஸார்டின் பலம் 120. லான்ஸின் டிராகனைட்டுக்கு ஸ்பெஷல் 138. எல்லாம் போட்டால் 43 வரும். 4 மடங்கு ஆக்கினால் 172. இதன் மேல் 217-இலிருந்து 255 வரை ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து அதால் பெருக்கி 255 ஆல் வகுக்கும், ஆக கையில் வருவது 146-இலிருந்து 172 வரை ஏதோ ஒன்று. டிராகனைட்டின் உயிர் 194. இரண்டு அடி வேண்டும். எதிரே நிற்பது கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு அடி என்ன, நாலு அடிக்கே நேரம் உண்டு. அது போட்டுக்கொள்கிற பேரியரும் இங்கே வீண்: பேரியர் ஏற்றுவது உடல் தற்காப்பை, பனி மூவோ ஸ்பெஷல் கணக்கில் போகிறது. இந்தத் தலைமுறையில் உடலா ஸ்பெஷலா என்பதையும் டைப்தான் முடிவு செய்யும், அதே ஒரு பைட்.

அந்தக் குலுக்கல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. கேம் பாய்க்குள் வினாடிக்கு 16,384 தடவை ஒன்று ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கிற ஒரு கவுன்ட்டர் இருக்கிறது, 255 ஆனதும் மறுபடி 0. திரை ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும், அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட 60 தடவை, கேம் அந்தக் கவுன்ட்டரை எட்டிப் பார்த்து, தன்னிடம் உள்ள ஒரு எண்ணோடு கூட்டிக்கொள்கிறது, இன்னொரு எண்ணிலிருந்து கழித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் அதிர்ஷ்டம். ஆக நீங்கள் எந்த நொடியில் பட்டனை அழுத்துகிறீர்கள் என்பதுதான் பகடை. பெட்டியை ஆன் செய்ததிலிருந்து ஒவ்வொரு பட்டனையும் அதே அறுபதில் ஒரு பங்கு வினாடியில் அழுத்த முடிந்தால் அதே போகிமான் வரும், அதே அடி விழும். வேகமாக முடிக்கப் போட்டி போடுகிற ஸ்பீட்ரன்னர்கள் இதைப் பழகியே வைத்திருக்கிறார்கள், எங்கே எத்தனை அடி நடந்து எப்போது 'ஏ' அழுத்த வேண்டும் என்பது வரைக்கும்.

பகடை 0 முதல் 255 வரைதான் என்பதால் வருகிற ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். குறி தவறாது என்று 100 சதவீதம் போட்டிருக்கும் மூவை உள்ளே 255 என்று எழுதியிருப்பார்கள், பகடை அதைவிடக் குறைவாக விழுந்தால் அடி படும். பகடையே 255 விழுந்தால்? 255 அதைவிடக் குறைவு இல்லையே. ஆக 100 சதவீத மூவும் 256-இல் ஒரு தடவை தவறும். மெனு 100 என்று சொல்லும், கணக்கு 99.6 என்று சொல்லும். கடைசிச் சண்டையில் இது நடந்து கேம் பாயைத் தலையணையில் வீசியவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள்.

கிரிட்டிக்கல் அடியும் (வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலமாக விழும் அடி) அப்படித்தான். அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், உண்மையில் அது அந்த இனத்தின் அடிப்படை வேகம். வேகத்தைப் பாதியாக்கு, பகடை அதற்குக் கீழே விழுந்தால் கிரிட்டிக்கல். சோம்பேறி ஸ்னார்லாக்ஸுக்கு வேகம் 30, அதனால் 256-க்கு 15. பெர்சியன் என்ற பூனைக்கு 115, அதனால் 256-க்கு 57. 'ஸ்லாஷ்' மாதிரி சில மூவ்களுக்கு இதை 8 மடங்காக்குவார்கள், பெர்சியனுக்கு அது எல்லை தாண்டி 255-இல் போய் முட்டி நிற்கும், ஆக அந்தப் பூனை பிராண்டினால் ஏறக்குறைய எப்போதுமே கிரிட்டிக்கல்தான். கிரிட்டிக்கல் அடி எதிரியின் பேரியர் ஏற்றங்களையும் கண்டுகொள்ளாது. இதைவிடக் கொடுமை 'ஃபோகஸ் எனர்ஜி', கிரிட்டிக்கல் வாய்ப்பை ஏற்றுவதற்கென்றே இருக்கிற மூவ். பைனரி எண்ணை இடப்பக்கம் நகர்த்தினால் இரண்டு மடங்கு, வலப்பக்கம் நகர்த்தினால் பாதி. யாரோ வலப்பக்கம் நகர்த்திவிட்டார்கள். விளைவு, கவனத்தைக் குவித்தால் வாய்ப்பு நாலில் ஒரு பங்காகச் சுருங்கும்.

பேய் டைப்பு கதையும் இதே ரகம்தான். கேமுக்குள் வரும் சாஃப்ரான் நகரத்து ஜிம்மில் (போகிமான் சண்டை நடக்கும் கூடம்), சைக்கிக் போகிமான்கள் பயப்படுவது பேய்க்கும் பூச்சிக்கும் மட்டும்தான் என்று ஒரு கதாபாத்திரமே சொல்லும். நம்பிப் பேயை இறக்கினால் அட்டவணையில் எழுதியிருப்பது பூஜ்யம், பேய் அடி சைக்கிக்கைத் தொடவே தொடாது. 1999-இல் ஜப்பானில் வந்த கோல்டு, சில்வர் பதிப்புகளில்தான் அதைச் சரி செய்தார்கள். என் கருத்து, இந்த கேமை ஆடும்போது உள்ளே இருக்கிறவர்கள் சொல்லும் அறிவுரையைவிட அட்டவணையை நம்புவது நல்லது.

மறுபடி லான்ஸிடம் வருவோம், ஏனென்றால் இன்னொரு கணக்கு பாக்கி. நிடோகிங்குக்கு 'ஹார்ன் டிரில்' என்றும் ஒரு மூவ் உண்டு, பட்டால் ஒரே அடியில் எதுவும் காலி, ஆனால் படுவது 30 சதவீதம். கடையில் விற்கும் 'எக்ஸ் அக்யூரசி'யைப் போட்டால் அந்தச் சண்டை முடியும் வரை குறி பார்க்கும் சோதனையையே கேம் தாண்டிப் போய்விடும், 30 என்பது நூறாகிவிடும். ஸ்பீட்ரன்னர்களின் பிரம்மாஸ்திரம் இது. ஒரே ஒரு நிபந்தனை: நீங்கள் எதிரியைவிட மெதுவாக இருந்தால் ஹார்ன் டிரில் பலிக்காது. இப்போது டிராகனைட்டை நினைத்துப் பாருங்கள். விஷ டைப்பைப் பார்த்ததும் அது போடப் போவது அஜிலிட்டி, அஜிலிட்டி ஏற்றுவது வேகம். ஒரு தடவை போட்டு நிடோகிங்கை முந்திவிட்டால் நம் பிரம்மாஸ்திரம் புஸ்ஸாகிவிடும். தெரியாமலேயே அது சரியான தற்காப்பை எடுத்துவிடுகிறது! அதனால் இந்த வழியில் போகிறவர்கள் அந்தச் சண்டையிலேயே, டிராகனைட் வருவதற்கு முன்பே, 'எக்ஸ் ஸ்பீட்' போட்டு வேகத்தை ஏற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் என்னைப் போல அவசரப்படாதவர்கள் பிளிஸார்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2016 பிப்ரவரி 27 அன்று, கேம் வந்து சரியாக 20 வருஷம் ஆன நாளில், ரெட், புளூ, யெல்லோ மூன்றையும் நின்டெண்டோ தன் 3டிஎஸ் கருவிக்கு மறுபடி வெளியிட்டது. இந்தப் பிழைகளில் எதையும் திருத்தவில்லை. நான் அதில் பார்த்த முதல் வேலை, லெவல் குறைந்த ஒரு வெனோமாத்தைக் கூட்டிக்கொண்டு லான்ஸ் வரைக்கும் போனதுதான். டிராகனைட் வெளியே வந்தது, கர்ஜித்தது, அஜிலிட்டி போட்டது.